ஊறுகாய்க்கு ‘பதப்படுத்தப்பட்டது’ என்று எழுதலாமா?

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து ஊறுகாய், வத்தல், வடகம் போட்டு விற்கிறோம். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். இப்போது கடைகளுக்குக் கொடுக்க லேபிள் அச்சடிக்கப் போகிறோம். பயிற்சியில் தந்த மாதிரியில் ‘பதப்படுத்தப்பட்ட மாங்காய்’, ‘பதப்படுத்தப்பட்ட கத்தரிக்காய்’, ‘பதப்படுத்தப்பட்ட மிளகாய்’ என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். “இதைப் படிச்சா எனக்குத் தோல் ஞாபகம்தான் வருது” என்கிறார். மருமகள் ‘மாங்காய் ஊறல்’ என்று புதுசாகப் பெயர் வைக்கலாம் என்கிறாள். வத்தலா, வற்றலா என்றும் குழுவில் சண்டை. முள்ளு கத்தரிக்காயில் போடும் வத்தலுக்கு ‘காய்ந்த கத்தரிக்காய்’ என்று ஏன் போடக் கூடாது என்று ஒருவர் கேட்கிறார். அடுத்து உப்புக்கண்டமும் போடப் போகிறோம். போன மாதம் மதுரைக்கு வடகம் அனுப்பினோம். அந்த அம்மா அதை எண்ணெயில் பொரித்துவிட்டு, எல்லாம் கருகிப்போச்சு, கெட்ட சரக்கு என்று போனில் திட்டினார். கெடாமல் இருக்க நாங்கள் கெமிக்கல் எதுவும் சேர்ப்பதில்லை. ‘பதப்பொருள் இல்லை’ என்று போடலாம்தானே? சரியான தமிழ் எது என்று சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, குடியாத்தம் வட்டம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டுப் பேர் ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுகிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். 30 வருடமாக அகராதி வேலையும் மெய்ப்புத் திருத்தும் வேலையும் பார்க்கிறேன். லேபிள் என்றால் பெரும்பாலும் அச்சாகி வந்த பிறகுதான் என்னிடம் காட்டுவார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் சொன்னது சரி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் ‘பதனிடுதல்’, ‘பதப்படுத்துதல்’ என்றால் முதலில் தோல்தான் நினைவுக்கு வரும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அடுக்கிவைப்பார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதனிட்டார்கள். தோலைப் பாடம் பண்ணுவது என்றும் சொல்வதுண்டு, புகையிலைக்கும் அந்தப் ‘பாடம்’தான். உப்பு போடுவதும் ஊறவைப்பதும் காயவைப்பதும் தோலுக்கும் ஊறுகாய்க்கும் பொதுவான வேலைதான். அதற்காக, சாப்பிடுகிற பொருளின் மேல் தோல் கிடங்கை நினைவுபடுத்தும் ஒரு சொல்லை ஒட்டி நம் ஊர்க் கடையில் வைக்க வேண்டியதில்லை.

‘பதம்’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல அடுப்படிச் சொல் அது. அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்ட வருகிறதா என்று பார்க்கிறீர்களே, அதுதான் உருட்டுப் பதம். இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் நூல் வந்தால் கம்பிப் பதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதுதான் பதம். பனையிலிருந்து இறங்கும் பதநீரும் அப்படித்தான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக இறங்கும்.

இத்தனை நல்ல சொல்லோடு ‘படுத்து’ சேர்ந்து, அப்புறம் ‘படு’ சேர்ந்து, ‘பதப்படுத்தப்பட்ட’ என்று நீண்டதும் அது அடுப்படியை விட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கு டாக்டர்களும் பத்திரிகைகளும் ‘பதப்படுத்தப்பட்ட உணவைக் குறையுங்கள்’ என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது ஆலையில் செய்து பாக்கெட்டில் அடைத்து வருகிற சரக்கை. உங்கள் லேபிளில் அதே சொல்லைப் பார்க்கிறவர் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். மாதிரி எழுதித் தந்தவர் மாங்காய், கத்தரிக்காய், மிளகாய் மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்திருக்கிறார். நீங்கள் மூன்றுக்கும் செய்வது ஒரே வேலையா? இல்லை. மாங்காயை ஊறவைக்கிறீர்கள். கத்தரிக்காயை வற்றவைக்கிறீர்கள். மிளகாயை மோரில் ஊறவைத்து அப்புறம் காயவைக்கிறீர்கள். நான் சொல்ல வருவது இதுதான்: உங்கள் கை என்ன வேலை செய்ததோ, அந்த வேலையின் சொல்லையே லேபிளில் எழுதுங்கள்.

ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல்லில் இருக்கும் ‘ஊறு’ எவ்வளவு நல்ல சொல் என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பாலாறு பல மாதம் மணலாகத்தான் கிடக்கிறது. அந்த மணலைக் கையால் தோண்டினால் கொஞ்ச நேரத்தில் குழியில் தண்ணீர் சேரும். அது ஊறுகிறது என்கிறோம். அதனால்தான் அதற்கு ஊற்று என்று பெயர். குறளிலும் மணற்கேணி தோண்டத் தோண்ட ‘ஊறும்’ என்றுதான் வருகிறது. இங்கே தண்ணீர் உள்ளிருந்து வெளியே வருகிறது. இட்லிக்கு அரிசி போடும்போது என்ன சொல்கிறோம்? அரிசி ஊறுகிறது. இங்கே தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஒரே சொல், எதிரெதிர் திசை. இது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது.

நீங்கள் செய்வதைத்தான் சொல்கிறேன். கிளிமூக்கு மாங்காயைத் துடைத்து, ஈரம் இல்லாமல் வெட்டி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் குலுக்கி, ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டிவைக்கிறீர்கள். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. மறுநாள் காலையில் ஜாடியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சளாகத் தண்ணீர் தளும்பும். மூன்றாம் நாள் துண்டுகள் பாதிக்குமேல் அதில் மூழ்கிவிடும். துண்டை எடுத்துப் பாருங்கள். ஓரம் சுருங்கியிருக்கும், பச்சை நிறம் பழுத்த இலை மாதிரி மங்கியிருக்கும், நகத்தால் அழுத்தினால் துவளும். காய்க்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. வெளியே வந்த தண்ணீரில் உப்பு கரைந்து, அந்த உப்பு மெல்லக் காய்க்குள் போகிறது. வெளியே ஊறுவதும் உள்ளே ஊறுவதும் அந்த ஒரே ஜாடியில் நடக்கிறது. காயைக் கெடுக்கும் கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரையெல்லாம் உப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பது அதனால்தான்.

இலக்கண வகுப்பில் ‘ஊறுகாய்’ வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு. ஊறின காய், ஊறுகிற காய், ஊறப்போகிற காய் என்று மூன்று காலமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. உங்கள் ஜாடிக்கும் அது அப்படியே பொருந்தும். போன வருடம் போட்டதும் ஊறுகாய், நேற்றுப் போட்டதும் ஊறுகாய்.

குழுவில் யாராவது இன்னொரு சந்தேகம் கேட்கலாம். ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே, ‘ஊறு விளைவித்தல்’ என்கிறோமே என்று. அது வேறு சொல். எழுத்து ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எழுத்தில் ஒரே ஒரு கவனம் வேண்டும். ‘ஊருகாய்’ என்று சின்ன ரு போட்டு அச்சடித்துவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் கடைப் பலகைகளில் இதை நிறையப் பார்க்கிறேன். பக்கத்துச் சித்தூரில் தெலுங்கில் ‘ஊரகாய’ என்று சாதாரண ர போட்டுத்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்கு அது சரி. தமிழில் ஊறுதல் பெரிய று. அச்சகத்துக்குப் போகும் முன் அந்த ஒரு எழுத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பூண்டும் இஞ்சியும் காய் இல்லையே, அதற்கும் ஊறுகாய் என்று போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். எண்ணெய் என்றால் எள்ளின் நெய். இன்றைக்குக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாமே எண்ணெய்தான், யாரும் எள்ளைத் தேடுவதில்லை. ஊறுகாயும் அப்படி விரிந்துவிட்டது. மீன் ஊறுகாய் வரைக்கும் வந்தாயிற்று.

நாம் இருப்பது நாலு பாஷை புழங்கும் இடம். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகளில் இதையே அச்சார் என்பார்கள். கன்னடத்தில் உப்பினகாயி. நாம் ஊறுவதை வைத்துப் பேர் சொல்கிறோம், அவர்கள் உப்பை வைத்துச் சொல்கிறார்கள். ஆவக்காய் என்று நாம் சொல்வது தெலுங்கு. ‘ஆவ’ என்றால் கடுகு. அதனால் கடுகுப்பொடி போடாத மாங்காய் ஊறுகாய்க்கு ‘ஆவக்காய்’ என்று பெயர் போடாதீர்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வந்து வாங்குகிறவர் மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். துருவி அல்லது அரைத்து, எண்ணெயில் சுருள வதக்கி எடுப்பது தொக்கு. அதையும் ஊறுகாயையும் ஒரே லேபிளில் போட வேண்டாம்.

உங்கள் மருமகள் சொன்ன ‘மாங்காய் ஊறல்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவருடைய ஆசையைப் பாராட்டுகிறேன். ஆனால் நம் மாவட்டத்தில் வேண்டாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலைப்பக்கம் போலீஸ் போய் வந்தால் மறுநாள் பேப்பரில் என்ன தலைப்பு வருகிறது? ‘சாராய ஊறல் அழிப்பு’. வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்கவைக்கும் அந்தச் சரக்குக்கு ‘ஊறல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. குடியால் எத்தனையோ குடும்பம் கெட்ட ஊர்களில், பெண்கள் நடத்தும் குழு அந்தச் சொல்லைத் தன் பொருளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மருமகள் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவருக்குப் பெயர் வைக்கும் ஆசை இருந்தால் குழுவுக்கு ஒரு நல்ல பெயர் வைக்கச் சொல்லலாம்.

சரி, வத்தலுக்கு வருவோம்.

வற்றல், வத்தல் இரண்டும் ஒரே சொல். காற்று காத்தாகும், நேற்று நேத்தாகும், அப்படித்தான் வற்றலும் வத்தலானது. வத்தல் என்று சொல்கிறவர் தப்பாகப் பேசுகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனாலும் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் ‘வற்றல்’ என்றே போடுங்கள் என்பேன். வற்று என்ற வினை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். ஏரி வற்றியது, கிணறு வற்றியது, குழம்பு வற்றியது என்று தண்ணீர் போனதைச் சொல்லும் சொல் அது. குறளிலேயே, அன்பில்லாத வாழ்க்கைக்கு உவமையாகப் பாலை நிலத்தில் நிற்கும் ‘வற்றல் மரம்’ வருகிறது. ஈரம் முழுக்கப் போன மரம். உங்கள் பாக்கெட்டில் இருப்பது ஈரம் முழுக்கப் போன காய். வத்தக்குழம்பு மட்டும் வத்தக்குழம்பாகவே இருக்கட்டும். அதை ‘வற்றல் குழம்பு’ என்று எழுதினால் சாப்பிடுகிறவருக்கே அடையாளம் தெரியாது.

‘காய்ந்த கத்தரிக்காய்’ என்று ஏன் போடக் கூடாது என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காய்ந்த கத்தரிக்காய் என்றால் விற்காமல் கூடையில் கிடந்து வதங்கினது என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். தானாகக் காய்வது வேறு. நறுக்கி, உப்பு போட்டு, பக்குவமாக வெயிலில் வைத்து எடுத்ததற்குத்தான் வற்றல் என்று பெயர். மிளகாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். ‘காய்ந்த மிளகாய்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். ‘மிளகாய் வற்றல்’ என்று போட்டாலும் அந்தச் சிவப்பு மிளகாயைத்தான் நினைப்பார்கள். அதனால் மோரில் ஊறவைத்துக் காயவைத்ததற்கு ‘மோர் மிளகாய்’ என்று மட்டும் போடுங்கள். பின்னால் வற்றல் என்று சேர்க்காதீர்கள்.

நீங்கள் முள்ளு கத்தரிக்காயில் வற்றல் போடுவதாக எழுதியிருப்பதால் ஒரு விஷயம். நம் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது இது இந்தப் பகுதிக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் காய் நிஜமாகவே அந்தப் பகுதியில் விளைந்ததாக இருக்க வேண்டும், பயன்படுத்துகிறவராக முறைப்படி பதிவும் செய்ய வேண்டும். அது வரைக்கும் ‘முள்ளு கத்தரிக்காய் வற்றல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது வடகம். உங்களுக்கு நஷ்டமும் மனவருத்தமும் தந்த சொல் இது. மதுரை அம்மாவும் தப்பு செய்யவில்லை, நீங்களும் தப்பு செய்யவில்லை.

வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் நம் வீடுகளில் வடகம் என்றால் இன்றைக்கும் தாளிக்கிற வடகம்தான் முதலில் நினைவுக்கு வரும். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, சித்திரை வெயிலில் வைக்கிறோம். சாயங்காலம் எடுத்து, அது விட்ட தண்ணீரிலேயே திரும்பப் பிசைந்து உருட்டி, மறுநாள் மறுபடியும் வெயில். இப்படிப் பல நாள். கடைசியில் கருத்து, இறுகி, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். கீரைக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அதில் ஒரு சிட்டிகை பிய்த்துத் தாளித்தால் தெருவுக்கே வாசனை வரும். வேறு ஊர்களில் பல வீடுகளில் வடகம் என்றால் அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சிப் பிழிந்து காயவைத்து, சாப்பாட்டுக்குப் பொரித்துக்கொள்வது. அதையே சிலர் வடாம் என்பார்கள். நம் பக்கமே சிலர் அதைக் கூழ் வத்தல் என்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்குச் சொல்லின் பிறப்பே காரணம். வடகம் வடமொழியிலிருந்து வந்தது. வடையும் அதே வழியில் வந்ததுதான். சின்ன உருண்டை, கட்டி என்பது அதன் அடிப்படைப் பொருள். ஊறுகாய் நடந்த வேலையைச் சொல்கிறது, வற்றல் நடந்த வேலையைச் சொல்கிறது. வடகம் உருவத்தை மட்டும் சொல்கிறது. அதை என்ன செய்வது, எதற்குப் பயன்படுத்துவது என்று அந்தச் சொல்லில் இல்லை. அதனால் அவரவர் ஊர் வழக்கப்படி அவரவர் புரிந்துகொள்கிறார்கள். அந்த மதுரை அம்மா பொரித்ததும், வெங்காயமும் பருப்பும் சேர்ந்தது ஒரு நொடியில் கருகியதும் நடக்கக்கூடியதுதான். அவருக்கு ஒரு போன் போட்டு இதைச் சொல்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் வடகத்தோடு, எப்படித் தாளிப்பது என்று நாலு வரி எழுதியும் அனுப்புங்கள். இனிமேல் லேபிளில் ‘தாளிப்பு வடகம்’ என்றும், கூழில் பிழிந்ததற்குப் ‘பொரிக்கும் வடகம்’ என்றும் போடுங்கள். முன்னால் அந்த ஒரு சொல் இருந்தால் எந்த ஊருக்கு அனுப்பினாலும் தகராறு வராது.

‘பதப்பொருள் இல்லை’ என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடக் கூடாது. நீங்கள் பொய் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரி உண்மையாகாது. நம் நாட்டு உணவு விதிகளில் பதப்பொருள்கள் இரண்டு வகுப்பு. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலாப் பொருள்கள், சமையல் எண்ணெய் எல்லாம் முதல் வகுப்பு. சோடியம் பென்சோயேட் போன்ற கெமிக்கல்கள் இரண்டாம் வகுப்பு. அதாவது உங்கள் கல்லுப்பும் நல்லெண்ணெயும்கூடப் பதப்பொருள்தான். அவை இல்லாவிட்டால் அந்த மாங்காய் ஒரு வாரம்கூடத் தாங்காது. ‘உப்பும் மசாலாப் பொருள்களும் நல்லெண்ணெயும் சேர்த்து ஊறவைத்தது. வேறு பதப்பொருள் சேர்க்கவில்லை’ என்று எழுதினால் அது உண்மையும் ஆகும், படிப்பவருக்கு நம்பிக்கையும் வரும். அச்சடிக்கும் முன் அந்த வரியை உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிவிடுங்கள். விதிப்படி இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டாக வேண்டும், அதோடு தமிழிலும் போடலாம் என்பதுதான் சட்டம். 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண்ணும் வேண்டும். தமிழ் கட்டாயம் இல்லை என்பதற்காக அதைச் சின்ன எழுத்தில் ஓரத்தில் தள்ளிவிடாதீர்கள். உங்களிடம் வாங்குகிறவர்கள் படிக்கப் போவது அதைத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். போனில் ஒருவர் ‘கெட்டுப்போச்சு’ என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எப்படிக் கெட்டது என்று கேளுங்கள். கெட்டதைச் சொல்லவும் தமிழில் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் உங்கள் வேலையில் எங்கே குறை என்று காட்டிக்கொடுக்கும். ‘பூசணம் பூத்திருக்கு’ என்றால் ஈரக்கரண்டி பட்டிருக்கும், அல்லது துண்டு எண்ணெய்க்கு மேலே தூக்கி நின்றிருக்கும். ‘சிக்கு வாடை அடிக்குது’ என்றால் எண்ணெய் பழசாகிவிட்டது. வெளிச்சமும் காற்றும் படும்படி பாட்டில் வெகுநாள் நின்றிருக்கலாம். ‘புளிச்சுப் பொங்கிட்டுது’ என்றால் உப்பு குறைச்சல், அடுத்த முறை அளவைப் பாருங்கள். வற்றல் ‘நமுத்துப்போச்சு’ என்றால் அது கெடவில்லை, காற்றிலிருந்த ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் பாக்கெட் வாய் சரியாக ஒட்டாவிட்டால் இப்படி ஆகும். ஒரு வெயில் காட்டினால் சரியாகிவிடும். ‘ஊசிப்போச்சு’ என்று மட்டும் யாரும் ஊறுகாயைச் சொல்ல மாட்டார்கள், அது சமைத்த சோற்றுக்கும் சாம்பாருக்கும் உள்ள சொல். குழுவில் ஒரு நோட்டுப் போட்டு, வாடிக்கையாளர் சொன்ன சொல்லை அப்படியே, அவர் வாயில் வந்தபடியே எழுதிவையுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தாலே எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பேச்சில் ஊறுகாயைச் சும்மா ‘செய்வது’ என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. ஊறுகாய் போடுகிறோம், வற்றல் போடுகிறோம், வடகம் பிழிகிறோம், அப்பளம் இடுகிறோம். லேபிளின் பின்பக்கம் உங்களைப் பற்றி ஒரு வரி எழுத இடம் இருந்தால், ‘தயாரிக்கப்பட்டது’ என்று போடாமல் ‘குடியாத்தத்தில் எங்கள் கையால் போட்டது’ என்று எழுதுங்கள்.

கடைசியாக, அச்சகத்தில் அப்படியே கொடுக்கும்படி எழுதித் தருகிறேன்: ‘மாங்காய் ஊறுகாய்’, ‘பூண்டு ஊறுகாய்’, ‘தக்காளித் தொக்கு’, ‘முள்ளு கத்தரிக்காய் வற்றல்’, ‘மோர் மிளகாய்’, ‘தாளிப்பு வடகம்’, ‘பொரிக்கும் வடகம்’. தக்காளித் தொக்கில் ‘த்’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக்கண்டமும் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். கண்டம் என்றால் துண்டு, உப்பு போட்ட கறித்துண்டு. ‘ஆட்டுக்கறி உப்புக்கண்டம்’ என்று எந்தக் கறி என்பதையும் சேர்த்தே போடுங்கள். உப்புக்கும் கண்டத்துக்கும் நடுவில் ‘க்’ வரும். மெய்ப்புத் தாள் கையில் வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அன்றைக்கே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.